அந்தக் கிழவியின் ஆயுளை வரிசைப்படுத்தாதீர்கள்

எங்கள் ஃபிலிம் சொசைட்டியின் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

சென்ற திரையிடலுக்குப் பிறகு உறுப்பினர்கள் அனைவருக்கும் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். நம் பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகாவைச் சேர்ந்த இளம்பெண் எடுத்த படத்தை ஆண்டு விழாவில் மறுபடி காட்ட வேண்டுமானால் மூன்று மாற்றங்கள் செய்தாக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். படம் தொடங்கும்போதே, இதில் வரும் வாழ்க்கை முழுவதும் கற்பனை என்று எழுத்தில் போட வேண்டும். காட்சிகளை ஆண்டு வாரியாக அடுக்கி, திரையின் ஓரத்தில் அந்தந்த ஆண்டைக் காட்ட வேண்டும். கதை சொல்லும் குரல் ஒரே மொழியில் இருக்க வேண்டும். இவற்றுக்கு இயக்குநர் இணங்காவிட்டால் விழாப் பட்டியலில் படத்துக்கு இடமில்லை.

இந்த மூன்று நிபந்தனைகளையும் கைவிடும்படி கேட்டுத்தான் எழுதுகிறேன். குழுவுக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். ஆனால் சுற்றறிக்கை எல்லோருக்கும் வந்தது. அன்று நூலக மண்டபத்தில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் இதில் பங்கு இருக்கிறது. பதிலும் எல்லோர் பார்வைக்கும் வரட்டும்.

அன்று வர முடியாதவர்களுக்காகப் படத்தைச் சிறிது விவரிக்கிறேன். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே கரிசல் மண்ணில் பிறந்த ஒருத்தி. கடலைக் காட்டில் கூலி வேலை, வேலந்தாவளம் சந்தையில் காய்கறிக் கூடை, சீக்கிரமே போய்விட்ட புருஷன், தங்காத பிள்ளைகள், கடைசியில் பேரன் வீட்டுத் திண்ணை. நான்தான் இப்படிக் கோவையாகச் சொல்கிறேன். படம் இப்படிச் சொல்வதில்லை. கிழவியின் முகம் ஒரு முறையும் முழுதாகத் தெரிவதில்லை. அவளுக்குப் பெயரும் இல்லை. கைகள்தான் வருகின்றன. முறத்தில் கடலைக்காயைக் கொட்டி உடைக்கிற கைகள். வலது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருக்கிறது. பிளவுக்குள் செம்மண் நிறத்தில் கடலைத் தோலின் தூள் படிந்திருக்கிறது. உடைத்த பருப்பு ஒரு பக்கம், தோடு ஒரு பக்கம். குரல் தன் கல்யாணத்தைச் சொல்கிறது: மாட்டு வண்டியில் மாப்பிள்ளை வந்தார், வண்டிக்கு வெள்ளை அடித்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அதே முறம், அதே கைகள், அதே நகம். இம்முறை மாப்பிள்ளை நடந்து வருகிறார். மழையில் வேட்டி நனைந்திருக்கிறது. வண்டி என்ற பேச்சே இல்லை. மூன்றாம் தடவை அதே காட்சி வரும்போது, வெள்ளை அடித்த வண்டி திரும்பி வருகிறது. ஆனால் அது அவளுடைய அக்காவின் கல்யாணத்துக்கு வந்த வண்டி. "நான் வண்டிக்குப் பின்னால் ஓடினேன்" என்கிறாள். அந்த ஒரு வாக்கியத்தில் முதல் கல்யாணம் சரிந்துவிடுகிறது. அக்காவுக்குக் கிடைத்ததைத் தன்னுடையதாக நினைத்து எத்தனை காலம் அவள் வாழ்ந்திருப்பாள் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சை அடைத்தது. மண்டபத்தில் பலருக்கும் அப்படித்தான் இருந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் எனக்குக் கேட்டது.

படத்தின் முடிவில் சில வரிகள் திரையில் வருகின்றன. இப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை. இவள் சொன்னவற்றில் பல, ஊர்ப் பாட்டிகள் பலரிடம் இயக்குநர் கேட்டு வைத்தவை. சிலவற்றை அவரே கட்டினார். இதுதான் அவ்வரிகளின் சாரம். அழுதவர்களில் சிலருக்கு அங்கேதான் கோபம் வந்தது. எங்களை ஏமாற்றி அழவைத்துவிட்டாள் என்றார்கள். உங்கள் முதல் நிபந்தனை அந்தக் கோபத்திலிருந்து பிறந்தது என்று எனக்குத் தெரியும்.

நான் பத்திரம் எழுதுகிறவன். நம் பக்கத்து வழக்கில் ஆதாரம் எழுதுகிறவன். மனிதர்களின் வாழ்க்கை காகிதத்தில் ஏறுவதை அன்றாடம் பார்க்கிற தொழில். வீட்டில் தமிழ் பேசுகிறவர்களுக்கு மலையாளத்தில் ஆதாரம் எழுதி, அதைத் தமிழில் படித்துக் காட்டி, விரலில் மை தடவிக் கைரேகை வாங்குகிறோம். வருகிற கிழவிகளில் பலருக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர், வாக்காளர் அட்டையில் ஒரு பெயர், பழைய ஆதாரத்தில் புருஷன் வீட்டார் வைத்த வேறொரு பெயர். மூன்றும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று வில்லேஜ் ஆபீசில் சான்றிதழ் வாங்கி வந்தால்தான் காரியம் நடக்கும். வயது கேட்டால், பஞ்சம் வந்த வருஷம், பெரிய மழை பெய்த வருஷம் என்பார்கள். பள்ளிக்கூடம் போனவர்களின் பிறந்த தேதி கொஞ்சம் மேலானது என்று நினைக்காதீர்கள். ஜூன் முதல் தேதி பள்ளி திறக்கும். அதற்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. பிள்ளை தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொட்டதா என்று பார்த்துவிட்டு, தலைமையாசிரியர் ஏதோ ஒரு மே மாதத் தேதியை எழுதிச் சேர்த்துக்கொண்டார். அந்தத் தேதியில்தான் அவர்கள் வேலைக்குப் போனார்கள், ஓய்வு பெற்றார்கள். நம் ஊரில் மே மாதத்தில் பிறந்தவர்கள் இத்தனை பேர் இருப்பது வேறு எதனால்?

அந்தத் தலைமையாசிரியரை நான் குறை சொல்லவில்லை. அவர் அப்படி ஒரு தேதியை எழுதியதால் ஒரு பிள்ளை படித்தது. இல்லாத தேதி ஒன்று, இருக்கிற பிள்ளைக்கு வழிவிட்டது. இந்தப் படத்தை எடுத்த பெண்ணும் அதே காரியத்தைத்தான் செய்திருக்கிறார். எந்த ஏட்டிலும் ஒழுங்காக ஏறாத பல பெண்களின் நினைவுகள் உதிரி உதிரியாகக் கிடந்தன. தனித்தனியாக வைத்தால் அவற்றில் ஒன்றுக்கும் ஆயுள் கிடையாது; ஒருத்தி சொன்ன கல்யாணம், இன்னொருத்தி சொன்ன பிரசவம், வேறொருத்தி சொன்ன கடன். அவற்றையெல்லாம் தாங்குவதற்கு ஓர் உடம்பு வேண்டியிருந்தது. அதைத்தான் அவர் படைத்தார்.

சினிமாவின் சொந்தச் சரித்திரத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. மலையாளத்தின் முதல் படத்தை எடுத்த ஜே.சி. டேனியல், கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் அகஸ்தீசுவரத்தில் பிறந்தவர். அந்த ஊமைப்படத்தில் நாயர் பெண்ணாக நடித்த பி.கே. ரோசி தலித் பெண் என்பதற்காகத் திருவனந்தபுரத்திலிருந்து துரத்தப்பட்டார். பிறகு நாகர்கோவில் பக்கம் வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார் என்று சொல்கிறார்கள். அந்தப் படத்தின் ஒரு சுருள்கூட இன்று மிஞ்சவில்லை. டேனியல் பெயரில் கேரள அரசு விருது கொடுக்கிறது. ரோசி எப்படி நடந்தார், எப்படிச் சிரித்தார் என்பதைக் காட்ட ஓர் அடிப் படச்சுருள் எங்கும் கிடையாது. ரோசியைப் பற்றி இன்று ஒருவர் படம் எடுத்தால் அதில் பாதிக்குமேல் கற்பனையாகத்தான் இருக்கும். கற்பனை வேண்டாம் என்றால் ரோசியும் வேண்டாம் என்றுதான் பொருள். அழித்தவர்கள் அழித்துவிட்டுப் போன பிறகு, ஆதாரம் எங்கே என்று அழிக்கப்பட்டவர்களைக் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆதாரம் எழுதியே பிழைக்கிற நான் இதைச் சொல்கிறேன்.

பெயரில்லாதவளின் வாழ்க்கையில் என்ன உண்மை இருக்க முடியும் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். தமிழ் படித்த நாம் இதைக் கேட்கலாமா? அகத்திணைப் பாட்டில் தலைவன், தலைவி யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியர் காலத்து விதி. பெயர் சொன்னால் அது அகத்துக்கு வெளியே போய்விடும். அந்தத் தலைவிகள் எந்த ஊரில் எந்த ஆண்டில் பிறந்தார்கள் என்று கேட்காமல்தான் இத்தனை நூற்றாண்டுகளாக அவர்களுடைய பிரிவுக்கு நாம் கலங்குகிறோம்.

அந்த அறிவிப்பை ஏன் முன்னால் போடக் கூடாது என்பதற்கு வருகிறேன். அன்று எனக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள், விளக்கு எரிந்ததும் என்னிடம் கேட்டார்: "அப்படியானால் அந்த வாய்க்கால் சம்பவம் யாருக்கு நடந்தது?" (அந்தச் சம்பவத்தைக் கீழே சொல்கிறேன்.) பின்வரிசையில் இன்னொருவர், தன் தாயார் சொன்னதுபோலவே இருக்கிறது என்றார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போதும் அதே பேச்சு: கடன் கதை யாருடையது, சந்தைக் கதை யாருடையது. படம் முடிந்த பிறகு மக்கள் தங்கள் வீட்டுக் கிழவிகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்துப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அறிவிப்பு முடிவில் வந்ததால்தான் இது நடந்தது. முதலிலேயே வந்திருந்தால், கற்பனை என்று ஒதுக்கிவைத்துவிட்டு வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்போம். ஒருவரும் யாரையும் தேடியிருக்க மாட்டோம். பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கரின் 'சான் சொலேய்' 1983-இல் வந்தது. ஊர் ஊராக அலையும் ஓர் ஒளிப்பதிவாளரின் கடிதங்களை ஒரு பெண் படித்துக்கொண்டே போவாள். அந்த ஒளிப்பதிவாளர் மார்க்கர் படைத்த ஆள். பெயர்ப் பட்டியலில் நிஜ மனிதனைப்போலவே அவர் பெயரும் வரும். அதை எச்சரிக்கைப் பலகை மாட்டிக் காட்ட வேண்டும் என்று உலகத்தில் எந்தச் சொசைட்டியும் கேட்டதாக நான் அறியேன்.

இரண்டாவது நிபந்தனை, ஆண்டு வரிசை. இதற்குக் காரணமான புகார் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படத்தில் கிழவி சொல்கிறாள்: கொச்சி ராஜா காலத்தில், தனக்கு விவரம் தெரியாத வயதில், காய்ந்து கிடந்த வாய்க்காலில் ஆழியாற்றுத் தண்ணீர் முதல் தடவையாக வந்தது, தண்ணீரின் தலைக்கு முன்னால் பிள்ளைகள் எல்லோரும் வாய்க்காலுக்குள்ளேயே கத்திக்கொண்டு ஓடினார்கள், சருகும் ஓணானும் நுரையோடு சேர்ந்து புரண்டு வந்தன. உடனே ஓர் அன்பர் எழுந்து, கொச்சி ராஜாவின் ஆட்சி 1949-இல் திருவிதாங்கூரோடு இணைந்து முடிந்துவிட்டது, தமிழ்நாடும் கேரளமும் தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளும் பறம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தம் கையெழுத்தானது 1970-இல், ராஜா காலத்தில் இவள் எப்படி அந்தத் தண்ணீருக்கு முன்னால் ஓடியிருப்பாள் என்று கேட்டார்.

அவர் சொன்ன ஆண்டுகள் சரியானவை. ஆனால் நம் தாலுகாவின் கதையை நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் வெள்ளைக்காரனின் மலபாரும் கோயம்புத்தூரும் இருக்க, நடுவில் கொச்சி ராஜ்யத்தின் துண்டாக இருந்தது இந்தச் சித்தூர். பிறகு திரு-கொச்சி. 1956 நவம்பர் முதல் கேரளம். அவள் இருந்த இடத்தைவிட்டு ஓர் அடி நகரவில்லை. மேலே ராஜ்யங்கள் மாறின. அவளைப் போன்றவர்களுக்கு ராஜா காலம் என்பது நாட்காட்டியில் உள்ள காலமாக இருப்பதில்லை. வயிறு நிறைந்த நாட்களும் பயமில்லாமல் ஓடிய நாட்களும் எல்லாம் ராஜா காலத்தில் போய்ச் சேர்ந்துவிடும். வளர்ந்த பிறகு பார்த்த தண்ணீரைக் குழந்தைப் பருவத்துக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். அவள் வாழ்க்கையில் அந்தச் சந்தோஷத்துக்கு வேறு இடமில்லை. திரையின் ஓரத்தில் நீங்கள் ஆண்டைப் போட்டால், அவள் பேசும் ஒவ்வொரு வாக்கியமும் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொண்ட சாட்சியின் வாக்குமூலம் ஆகிவிடும். அந்தப் பெண் அவ்வளவு கவனமாகக் கட்டிய ஆயுளை நாமே ஒரு பொய்க் கணக்காக்கிக் காட்டுவோம்.

நினைவு இப்படித்தான் வேலை செய்யும் என்பதற்குப் படிப்பாளிகளின் துணையும் இருக்கிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்து, நாட்கள் கழித்தும் மாதங்கள் கழித்தும் திருப்பிச் சொல்லச் சொன்னார். பழகாதவை எல்லாம் பழகியவையாக மாறின. பழங்குடியினரின் தோணி சாதாரணப் படகாயிற்று. ஒவ்வொரு முறையும் அவர்கள் கதையை எடுத்து வைக்கவில்லை, புதிதாகக் கட்டினார்கள். மூன்று தடவை வருகிற முறத்துக் காட்சி இதைத்தான் கண்ணுக்கு முன்னால் செய்து காட்டுகிறது. ஆண்டு வரிசைப்படி அடுக்கினால் அந்தக் காட்சியை ஒரு தடவைதான் வைக்க முடியும். எந்தக் கல்யாணத்தை வைப்பீர்கள்?

நம் மக்களுக்கு இப்படித் துண்டு துண்டாகச் சொன்னால் புரியாது என்ற வாதத்தை நான் ஒப்பவே மாட்டேன். இழவு வீட்டில் ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கடைசி நாளின் மூச்சுத்திணறலில் தொடங்குகிற பெண், அடுத்த அடியில் தாலி கட்டிய நாளுக்குப் போவாள், அண்ணன் கொடுக்காமல் விட்ட நகைக்குப் போவாள், அங்கிருந்து தொட்டிலுக்கு, மறுபடி பாடைக்கு. சுற்றி உட்கார்ந்து மாரடிக்கும் பெண்களில் ஒருத்திக்காவது அது புரியாமல் போனதுண்டா? எந்த வருஷம் என்று இடைமறித்துக் கேட்டவர் உண்டா? அந்த ஒப்பாரியைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இந்தப் படம் அந்நியமே இல்லை. மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனின் 'அனந்தரம்' 1987-இல் வந்தது. அதில் அஜயன் தன் கதையை ஒரு முறை சொல்லி முடித்துவிட்டு, சொன்னது போதவில்லை என்று மறுபடி வேறு விதமாகச் சொல்லத் தொடங்குவான். எது நடந்தது, எது அவன் மனம் கட்டியது என்று படம் தீர்ப்புச் சொல்லாது. அடூரும் நண்பர்களும் 1965-இல் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த மரபு இது. ஊர் ஊராக மக்களிடம் காசு சேர்த்து ஒடேசா குழுவினர் எடுத்த ஜான் ஆபிரகாமின் 'அம்மா அறியான்' 1986-இல் வந்தது. ஒரு மகன் தாய்க்கு எழுதும் மடலாகவே அது அமைந்தது. பார்க்கிறவர்களால் முடியும் என்று நம்பியவர்கள் அவர்கள். அந்த மரபின் பெயரைச் சொல்லி நடத்துகிற சங்கம், பார்ப்பவர்களின் மேல் அந்த நம்பிக்கை வைக்காமல் போவதுதான் எனக்கு வருத்தம்.

மூன்றாவது நிபந்தனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கிழவி சாமியைத் தமிழில் கூப்பிடுகிறாள், ரேஷன் கடைக்காரரை மலையாளத்தில் திட்டுகிறாள். நம் வீடுகளில் யார் வேறு மாதிரி பேசுகிறார்கள்? இதை ஒரே மொழியாக்கினால் அவள் இந்த ஊர்க்காரியாகவே இருக்க மாட்டாள்.

ஆனால் கூட்டத்தில் எழுந்த இன்னொரு புகார் உண்டு. சுற்றறிக்கையில் நீங்கள் அதைக் குறிப்பிடவே இல்லை. படத்தில் வரும் பழைய புகைப்படங்கள், மூடப்பட்ட ஒரு ஸ்டுடியோவிலிருந்து எடைக்கு வந்தவை. மாளிகைப் படிக்கட்டு வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் விறைத்து நிற்கிற குடும்பங்கள். ஈரம் ஏறிப் பாதி முகம் அரித்துப்போன ஒரு மனிதர், அவரைத்தான் கிழவியின் புருஷனாகக் காட்டுகிறார்கள். கிழவியின் அக்காவாக வரும் படத்தில் இருப்பது தங்கள் பெரியம்மா என்று ஒரு குடும்பத்தார் கண்டுகொண்டார்கள். எங்கள் பெரியம்மாவுக்கு இல்லாத கல்யாணத்தை எப்படிச் செய்து வைக்கலாம் என்று கேட்டார்கள். இந்தக் கேள்வி நியாயமானது. பிறக்காதவளுக்கு வாழ்க்கை கொடுக்கலாம்; பிறந்து வாழ்ந்தவரின் முகத்தை அவர் வீட்டாரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. இயக்குநர் அந்தக் குடும்பத்தைப் பார்த்துப் பேச வேண்டும். அவர்கள் சம்மதிக்காவிட்டால் அந்த ஒரு புகைப்படத்தை மாற்ற வேண்டும். இதை இயக்குநரிடமே நேரில் சொன்னேன். அவரும் ஒப்புக்கொண்டார். குழு கவலைப்பட்டிருக்க வேண்டியது இதைப் பற்றித்தான். அதை விட்டுவிட்டு, படத்தின் உயிர்நிலையில் கை வைத்திருக்கிறீர்கள்.

ஆகவே நான் கேட்பது இது. ஆண்டு விழாவில் படத்தை இப்போதிருக்கும் வரிசையிலேயே, அறிவிப்பை முடிவிலேயே வைத்து, முழுதாகக் காட்டுங்கள். சென்ற முறை நடுவில் நிறுத்தித் தேநீர் கொடுத்ததால் இரண்டாவது முறத்துக் காட்சிக்கும் மூன்றாவதுக்கும் உள்ள தொடர்பு பலருக்கு அறுந்துபோனது. இம்முறை இடைவேளை வேண்டாம். தமிழ்ப் பகுதிகளுக்கு மலையாளத்திலும், மலையாளப் பகுதிகளுக்குத் தமிழிலும் அடியில் வரிகள் ஓடட்டும். அவற்றை நானே எழுதித் தருகிறேன், கூலி வேண்டாம். வசனப் பிரதியை இயக்குநரிடம் வாங்கி வைத்திருக்கிறேன். படம் முடிந்ததும் அரை மணி நேரமாவது பேச விடுங்கள். அந்தப் பெரியம்மாவின் குடும்பத்தாரையும், ஆண்டுக் கணக்குக் கேட்ட அன்பரையும் முன்வரிசைக்கு அழையுங்கள்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக முன்மொழிய இருக்கிறேன். உடன்படும் உறுப்பினர்கள் இந்த மடலின் கீழே தங்கள் பெயரையும் உறுப்பினர் எண்ணையும் எழுதிச் செயலாளருக்கு அனுப்பலாம். உடன்படாதவர்களும் எழுதுங்கள், கூட்டத்தில் அவற்றையும் படிப்போம்.

இப்படிக்கு,
உங்கள் சக உறுப்பினர்,
ஆதார எழுத்தர், கொழிஞ்சாம்பாறை